சீனித் தண்ணீருக்குக் காவல்

கட்டுகஸ்தோட்டையில் மஸீனாவின் வீட்டில் சீனிப் போத்தல் என்று ஒன்று கிடையாது. விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டில் ஒரு கோப்பை இரவல் வாங்குவாள். தேநீரில் போட்டுக் கொடுத்தது போக மிஞ்சியதை, வந்தவர் செருப்பு மாட்டுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுவாள். பொத்தான் கடை வைத்திருக்கும் கணவர் ஹபீலுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்த நாளிலிருந்து இதுதான் அந்த வீட்டின் சட்டம்.

சட்டம் வீட்டோடு நிற்கவில்லை. கல்யாண வீடுகளில் ஆண்கள் பகுதிக்கு இனிப்பு வட்டலப்பம் போகிற நேரம் பார்த்து, அப்போது சின்னவளாக இருந்த மகள் சப்னாவை உள்ளே அனுப்புவாள். "வாப்பாட முன்னுக்குப் போய் நில்லு. ஒண்டும் பேச வேணாம்." பிள்ளை போய் நிற்கும். ஹபீல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கட வீட்டுப் பொலிஸ் வந்திட்டு," என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிச் சிரிப்பார். கடையில் பிஸ்கட் வாங்கினால் மஸீனா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசிப்பாள். சீனி எந்தெந்தப் பெயரில் மாறுவேடம் போட்டு வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். குளுக்கோஸ் தெரியும். சுக்ரோஸ் தெரியும். டெக்ஸ்ட்ரோஸும் தெரியும்.

ஊர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றது. அவள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. "எனக்கு மனிசன் வேணும்," என்பாள். அவ்வளவுதான்.

அந்த மனிதர் இன்று நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கால்கள் இரண்டும் நனைந்த துணிபோலத் துவண்டு கிடந்தன. நெஞ்சுக்குள் ஏதோ தப்பித் தப்பி அடிக்கிறது என்றார். மஸீனா ஓட்டோ பிடித்து அவரைப் பக்கத்து ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தாள். வருகிற வழியிலேயே கம்பளையில் இருக்கிற மைத்துனன் ரிஸ்மிக்கு அழைத்துச் சொன்னாள்.

அவசர சிகிச்சைப் பிரிவின் கடைசிக் கட்டிலில் ஹபீலைக் கிடத்தினார்கள். டொக்டர் தனபாலன் யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது. ஈசிஜி தாளை நீட்டிப் பார்த்தவருடைய முகம் மாறிற்று. அதற்குள் தாதி விரலில் குத்திப் பார்த்த சீனி நூற்றுப் பதினெட்டு என்று காட்டியது. மஸீனாவுக்கு உள்ளூர ஒரு பெருமை.

"இரத்தத்தில ஒரு உப்பு அளவுக்கு மிஞ்சிக் கிடக்குதம்மா," என்றார் டொக்டர். "பொட்டாசியம். இப்படியே விட்டா இதயம் நிண்டுபோகும். இன்சுலின் குடுத்து அதை இறக்கப் போறம். பயப்படாதேங்கோ."

நூற்றுப் பதினெட்டுக்கு யாராவது இன்சுலின் போடுவார்களா? உப்புக்கு இன்சுலினா? அவசரத்தில் டொக்டர் ஏதோ மாற்றிச் சொல்கிறார் என்று மஸீனா நினைத்தாள். கேட்பதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

தாதியின் பெயர் ஜெயராணி. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்பது பேச்சிலேயே தெரிந்தது. முதலில் ஒரு மருந்தை மெதுவாக ஏற்றினாள். பிறகு இன்சுலினும் அதோடு பெரிய ஊசி ஒன்றும். கடைசியாக ஒரு போத்தலைக் கம்பியில் தொங்கவிட்டு, குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தைப் பெருவிரலால் உருட்டிச் சொட்டை அளவாக்கினாள். ஹபீலின் சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. அதைக் கழற்றுவதற்காகச் சக்கரத்தை மூடி, கழற்றி முடித்ததும் மறுபடி திறந்துவிட்டாள்.

"இனிமே அடிக்கடி வந்து விரல்ல குத்திச் சீனி பார்ப்பேன், அக்கா. சாயந்தரம் வரைக்கும் விடமாட்டேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"குத்துங்க, மிஸ்ஸி," என்றார் ஹபீல் மெல்லிய குரலில். "பொத்தான் கடக்காரனுக்கு ஊசி புதுசில்ல."

கொஞ்ச நேரத்தில் ஜெயராணி வந்து குத்தினாள். மெஷின் இருநூற்றுப் பன்னிரண்டு என்றது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு குறித்துவிட்டுப் போகத் திரும்பினாள்.

ஹபீலின் விரலிலிருந்து அந்த எண் வந்து எத்தனையோ வருஷமாயிற்று. மஸீனா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தொங்குகிற போத்தலை அண்ணாந்து வாசித்தாள்.

"மிஸ்ஸி, இது டெக்ஸ்ட்ரோஸ். சீனி. போத்தல்லயே எழுதியீக்கி. இவர் சீனி வருத்தக்காரர்."

"தெரியும்க்கா. அது வேணும். வந்து சொல்றேன்."

அப்போதுதான் வாசலில் ஸ்ட்ரெச்சர்கள் மோதுகிற சத்தம் கேட்டது. வேன் ஒன்று பாலத்தடியில் கவிழ்ந்ததில் காயப்பட்ட ஆட்களைக் கொண்டுவந்திருந்தார்கள். ஜெயராணி ஓடினாள்.

மஸீனா சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு சொட்டும் ஒரு கரண்டி வட்டலப்பம்போல அவள் கண்ணுக்குப் பட்டது. இத்தனை வருஷமாக வாசலில் நின்று தடுத்த எதிரி, கண்ணெதிரில் குழாய் போட்டு அவருடைய நரம்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறான். கேட்க ஆள் இல்லை. சுற்றிவர வலியும் ஓட்டமும். பெரிய படிப்புப் படித்தவர்களும் அவசரத்தில் தவறுவதுண்டு. தவறினால் தடுக்க வேண்டியது யார்?

அவள் கை உயர்ந்தது. பிஸ்மி சொல்லி, சக்கரத்தைக் கடைசிவரை உருட்டினாள். சொட்டு நின்றது.

அன்பு அவளிடம் நிறைய இருந்தது. கேட்டுத் தெரிந்துகொண்டு செய்கிற பொறுமை அந்த ஒரு கணத்தில் இல்லாமற் போயிற்று. நம்மில் எத்தனையோ பேர் இப்படித்தான், மிகவும் நேசிக்கிறவர்களுக்கே தீங்கு செய்துவிடுகிறோம். இறைவன்தான் அதன் பின்னாலும் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறான்.

அடுத்த முறை ஜெயராணி ஓடிவந்து குத்தியபோது தொண்ணூற்றாறு. அவள் நெற்றி சுருங்கியது. "வேகமா இறங்குதே. தலை சுத்துதா, ஐயா?" ஹபீல் இல்லை என்றார். போத்தலில் இன்னும் நிறைய இருந்தது. "அடுத்ததைச் சீக்கிரமே பாக்குறேன்," என்று சொல்லும்போதே அவளை வேறு யாரோ கூப்பிட்டார்கள்.

தொண்ணூற்றாறு. மஸீனாவுக்கு உதட்டில் சிரிப்பு முட்டியது. பார்த்தாயா, என்று போத்தலைப் பார்த்துச் சொல்வதுபோல நின்றாள்.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. ஹபீலின் மேலுதட்டில் வியர்வை பொட்டுப் பொட்டாக அரும்பியது. கை நடுங்கியது. அவர் அவளை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவள் யாரென்று தெரியவில்லை.

"கொண்டக்டர்," என்றார் கோபமாக. "பாலத்தடியில எறக்குன்னு செல்லி எவ்வளவு நேரம். எங்க கொண்டு போற?"

தன் வாழ்நாளில் யாரையும் ஒருமையில் அதட்டாத மனிதர். "மிஸ்ஸி," என்று மஸீனா கூப்பிட்ட குரலுக்கு அந்த அறையே திரும்பியது.

ஜெயராணி வந்தாள், குத்தினாள். நாற்பத்தாறு. அவளுடைய கண் விரலிலிருந்து குழாய்க்கும் குழாயிலிருந்து சக்கரத்துக்கும் போயிற்று. பிறகு டொக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே சீனி நிறைத்த பெரிய ஊசியை எடுத்து மெதுவாக, ஆனால் கை தடுமாறாமல் ஏற்றினாள். சக்கரத்தையும் திறந்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் ரிஸ்மி உள்ளே வந்தான். ஹபீலின் ஒரே தம்பி, கம்பளைச் சந்தையில் பழக்கடை வைத்திருப்பவன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. வந்ததும் கண்டது, அண்ணன், அவனுடைய நானா, வாய் கோணிக் கிடப்பதையும் நாலு பேர் சுற்றி நிற்பதையும்.

"என்ன நடந்த?"

"சேலைன் நிண்டு போச்சு. சீனி விழுந்திட்டு," என்றார் டொக்டர். "மருந்து குடுத்தாச்சு. வருவார்."

"நிண்டு போனா? எப்பிடி நிக்கிற? பாக்க ஆளில்லயா?" ரிஸ்மியின் கை சட்டைப் பைக்குப் போய் போனோடு திரும்பியது. அதை ஜெயராணியின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். "பேரச் செல்லுங்க. இத இண்டக்கே போடுற. ஊரே பாக்கட்டும்."

ஜெயராணி போனைப் பார்க்கவில்லை, டொக்டரைப் பார்த்தாள். "சட்டையைக் கழட்டும்போது நான்தான் மூடினேன், டொக்டர். திறந்தேன்னுதான் நினைச்சேன். அப்புறம் வேன் வந்திருச்சு. அதுக்கப்புறம் ஒரு தரம் சீனி பார்த்தப்போகூட நான் சக்கரத்தைக் கவனிக்கலை." குரல் தாழ்ந்து போயிற்று. "எனக்குச் சரியா ஞாபகம் இல்லை."

"ஞாபகம் முக்கியமில்ல, காரணம்தான் முக்கியம்," என்றார் தனபாலன். "மூடிக் கிடந்ததாலயோ, இல்லாட்டி இன்சுலின் அளவு கூடிட்டுதோ, வேறேதுமோ? தெரிஞ்சாத்தான் அடுத்தது என்ன செய்யிறது எண்டு முடிவெடுக்கலாம்."

ஹபீலின் இமைகள் அசைந்தன. ஊசி வேலை செய்யத் தொடங்கியிருந்தது. மஸீனா சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுடைய பெருவிரல் இன்னும் அந்தச் சக்கரத்தின் பற்களை உணர்ந்தது.

ரிஸ்மியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ரிஸ்மி. அது நான்."

"என்னது?"

"நான்தான் மூடின. சீனிப் போத்தல்னு பாத்து மூடின."

அவன் போனை இறக்காமலே வாயை மட்டும் அவள் காதுக்குக் கொண்டுவந்தான். "வாய மூடிட்டு இருங்க, மதினி. நானா பொழச்சிட்டார். இனி எனத்துக்கு அத? அந்தப் புள்ளயே தான் செஞ்சதெண்டு செல்லுது. நீங்க செஞ்சதுன்னு தெரிஞ்சா நாளக்கி ஊர்ல தலகாட்ட ஏலா. நம்மட குடும்பத்துக்கே வெக்கம்."

மஸீனா ஜெயராணியைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை இரு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. தான் செய்யாததைச் செய்திருப்போமோ என்று தன்னையே சந்தேகித்துக்கொண்டு நின்றது. தோட்டத்து லய வீட்டிலிருந்து எத்தனை படி ஏறி அந்த வெள்ளைச் சீருடைக்கு வந்திருப்பாளோ.

வெட்கமாம். படைத்தவனுக்கு முன்னால் நிற்கிற நாளில் ஊரா வந்து பக்கத்தில் நிற்கப்போகிறது?

அவள் சுவரை விட்டு நகர்ந்தாள்.

"டொக்டர்," என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்கும்படி சொன்னாள். "இந்த மிஸ்ஸி ஒழுங்காத் தொறந்து விட்டது. நான் கண்ணால பாத்த. பொறகு மூடினது நான். இந்தக் கையால."

ஜெயராணியின் கண்கள் நிறைந்தன.

"மதினிக்குப் பயத்துல என்ன பேசுறதெண்டு தெரியல்ல," என்றான் ரிஸ்மி.

"எனக்கு நல்லாத் தெரியும். போன இங்கால திருப்பு." அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். "எடு. நல்லா எடு. பொத்தான் கட ஹபீல்ட பொஞ்சாதி மஸீனா, கேக்காமக் கொள்ளாம தன்ட மனிசன்ட சேலைன மூடினா எண்டு போடு. ஊரு பாக்கட்டும். என்னத் திட்ட வார ஆக்களுக்கு வீட்டு விலாசமும் குடு. அந்தப் புள்ளேட மொகம் அதுல வரப்படா."

ரிஸ்மி அவளை அப்படி ஒருபோதும் பார்த்ததில்லை. போன் தானாகக் கீழே இறங்கியது.

தனபாலனுக்குக் கோபம் வந்திருந்தது. அது நியாயமான கோபம். "என்ன வேலை செய்தனீங்கள், அம்மா? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா வலிப்பு வந்திருக்கும். தயவுசெய்து வெளியில போய் இருங்கோ."

"போற இல்ல, டொக்டர்."

"என்ன?"

"போற இல்ல. ஏசுங்க, கேட்டுக்கொள்ற. தப்பு என்டது. ஆனா இத்தன வருஷமா இவர்ட சீனிய நான் காவல் காத்த. இப்ப பாதியில விட்டுட்டு வெளிய கதிரையில போய் இருக்க எனக்கு ஏலா. கூடினா என்ன செய்றதெண்டு எனக்குத் தெரியும். கொறஞ்சா எப்படி ஈக்கும் எண்டு யாரும் எனக்குச் செல்லித் தரல்ல. இப்ப செல்லித் தாங்க. அந்தச் சக்கரத்துல இனி என்ட கை படாது. வேற யார்ட கையும் பட விடமாட்டேன்."

டொக்டர் ஜெயராணியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலையில் கிடந்த கதிரையை இழுத்துவந்து கட்டிலின் பக்கத்தில் போட்டாள்.

"உக்காருங்க, அக்கா. நான் வந்து சொல்றேன்னு சொல்லிட்டு வரலை. அது என் தப்பு."

தனபாலன் பெருமூச்சு விட்டார். பிறகு நின்ற நிலையிலேயே சொன்னார், இந்த முறை அவசரமில்லாமல். இன்சுலின் அந்த உப்பை இரத்தத்திலிருந்து உடம்பின் உள்ளறைகளுக்குள் தள்ளிவிடும். தள்ளும்போது சீனியையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். ஹபீலின் சிறுநீரகம் களைத்துப்போயிருக்கிறது, அதனால் இன்சுலின் சீக்கிரம் வெளியே போகாது, மணிக்கணக்காக உள்ளே நின்று வேலை செய்யும். அதுதான் மறுபடி மறுபடி விரல் குத்துகிறார்கள், அதுதான் சீனித் தண்ணீர்.

"இவருக்குச் சீனி மிச்சம் கூடியிருந்தா இந்தப் போத்தலே தேவைப்பட்டிராது, அம்மா. நீங்கள் நல்லாப் பாத்து வச்சிருக்கிறபடியாத்தான் கையிருப்புக் குறைவு. விளங்குதோ?"

மஸீனாவுக்கு விளங்கியது. அழுகை வந்தது. அவள் அதை வரவிடவில்லை.

"சரி. உப்பு ஏன் கூடினது எண்டு பாக்கோணும். செவ்விளநீர் குடிக்கிறவரோ? தம்பிலி? சிறுநீரகம் களைச்ச ஆக்களுக்கு அது ஆகாது."

ரிஸ்மி தலையைக் குனிந்துகொண்டான். சூட்டுக்கு நல்லது, சீனிக்காரருக்குச் சோடாவைவிட மேல் என்று சொல்லி, வாரம் தவறாமல் குலை குலையாகக் கம்பளையிலிருந்து தம்பிலி அனுப்புகிறவன் அவன்தான். நானாவுக்கு என்று நல்ல குலையாகத் தட்டிப் பார்த்துத் தேர்வான். காசு வாங்கமாட்டான்.

மஸீனா அவனைப் பார்த்தாள். ஒரே வாக்கியம் போதும், கணக்குச் சரியாகிவிடும். போனைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லலாம்.

"வீட்டுல ஈந்திச்சி, டொக்டர். குடிச்சார்," என்றாள். "இனிக் குடிக்க மாட்டார்."

ரிஸ்மி வெளியே போனான்.

அதன் பிறகு அந்தக் கட்டிலுக்கு மஸீனா காவல். குழாயின் சொட்டையும் ஹபீலின் மேலுதட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வியர்வை துளிர்க்கிறதா, கை நடுங்குகிறதா, பேச்சு மாறுகிறதா? அவர் கண்ணயர்ந்தால் தட்டி எழுப்பினாள். "உங்கட பேரென்ன?"

"ஹபீல்."

"நான் யாரு?"

"பொலிஸ்."

"சரியாத்தான் ஈக்கி," என்று ஜெயராணியிடம் சொன்னாள்.

ஜெயராணி சொன்னபடியே வந்தாள். விபத்துக் கட்டிலிலிருந்து கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள், பாதி குடித்த தேநீரை வைத்துவிட்டு வந்தாள். வேலை முறை முடிந்தும் வந்தாள். மாற்றுக்கு வந்த தாதியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்த பின்னும், "இந்த ஒருத்தருக்கு மட்டும் நான் நிக்கிறேன்," என்று நின்றுவிட்டாள். எண்கள் பெரும்பாலும் நூற்றுக்கு மேலேயே நின்றன. ஒருமுறை எழுபத்தெட்டுக்கு இறங்கியது. மஸீனா எழுந்து நின்றுவிட்டாள். ஜெயராணி சொட்டைக் கூட்டினாள், டொக்டரும் வந்து பார்த்தார். அடுத்த குத்தலில் ஏறியது.

வெளியே அந்தி நேர மஃரிப் பாங்கு கேட்டது. மஸீனா கதிரையின் கையைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

"போய்த் தொழுதிட்டு வாங்க, அக்கா," என்றாள் ஜெயராணி. "அந்தப் பக்கத்து அறையில இடம் இருக்கு. நான் இங்கயே நிக்கிறேன்."

மஸீனா சக்கரத்தைப் பார்த்தாள். யார் கையும் பட விடமாட்டேன் என்று சொன்னது அவள்தான். பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"உங்கட கை படலாம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவள் நெற்றி தரையில் பட ஸுஜூதில் கிடந்து எதைக் கேட்டாள் என்பது அவளுக்கும் அவளைப் படைத்தவனுக்கும் தெரியும். திரும்பி வந்தபோது ஜெயராணி அதே இடத்தில், அதே கம்பியில் கை வைத்தபடி நின்றாள். புதிதாக எடுத்த இரத்தத்தில் உப்பு நல்ல அளவுக்கு இறங்கிவிட்டதாம். ஈசிஜியும் திருந்தியிருக்கிறதாம். வாட்டுக்குக் கொண்டுபோன பிறகும் விரல் குத்துவார்கள். "அங்க இருக்கிறவங்ககிட்ட நானே போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன்."

கடைசியாக ஒருமுறை குத்தினாள். நூற்றுப் பதினான்கு. "இப்ப வாயால கொஞ்சம் இனிப்பாக் குடிக்கக் குடுத்தா நல்லது. பிளேன் டீ போதும். சீனி போட்டு."

"சீனி போட்டு," என்று மஸீனா திருப்பிச் சொன்னாள்.

கன்டீனுக்கு யாரை அனுப்புவது என்று திரும்பினால் வாசலில் ரிஸ்மி நின்றான். ஒரு கையில் மூடி போட்ட பிளேன் டீ, மறு கையில் மடித்த காகிதத்தில் சீனி. எவ்வளவு நேரமாக அங்கே நின்றான் என்று யாருக்கும் தெரியாது. தேநீரை மதினியிடம் நீட்டினான். காகிதத்தை ஜெயராணியிடம் நீட்டினான். "மிஸ்ஸி," என்றான். போனை எடுத்து, எடுத்த படத்தை அவள் கண்முன்னே அழித்துக் காட்டினான்.

ஜெயராணி காகிதத்தைப் பிரித்து மஸீனாவின் கையில் வைத்தாள். "நீங்கதான் போடணும், அக்கா."

மஸீனா ஒரு கரண்டி அள்ளினாள். கை கொஞ்சம் நின்றது. பிறகு போட்டாள். இன்னொன்று போட்டாள். கரைகிறவரை கலக்கி, கணவரின் தலையைத் தூக்கி, கோப்பையை உதட்டில் வைத்தாள்.

ஹபீல் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார். பிறகு கண்ணைத் திறந்து, களவுக்குக் கூட்டுச் சேர்க்கிறவர்போலத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மஸீனா. காயிதத்துல இன்னும் ஈக்கிதானே?"

"ஈக்கி."

"இன்னொரு கரண்டி?"

மஸீனா காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கி முந்தானையில் முடிந்தாள்.

"மிஸ்ஸி செல்லட்டும், போடுற," என்றாள்.